மைனர் பிரபுவின் மோட்டார் பட்டறை

1881ஆம் ஆண்டின் கடைசியில் பாரிஸில் ஒரு நடன விருந்து ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. விருந்தினருக்குக் கொடுக்கப் பரிசுப் பொருட்கள் வாங்கும் பொறுப்பு ஆல்பெர் டி தியோன் என்ற இளம் பிரபுவின் தலையில் விழுந்தது. இத்தாலியர் பூல்வாரில் இருந்த ஜிரூ என்ற பேர்போன கடைக்குப் போனவர், அங்கே ஒரு குட்டி நீராவி எஞ்சினைப் பார்த்தார். நேர்த்தியாகக் கடைந்து இழைத்த பொம்மை. வந்த வேலையை விட்டுவிட்டு, இதைச் செய்தது யார் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. 1856 மார்ச் 9 அன்று நாந்த் நகருக்குப் பக்கத்தில் கார்க்ஃபூ என்ற ஊரில் பிறந்தவர். பல நூற்றாண்டுப் பழமையான பிரபுக் குடும்பம். நல்ல உயரம், முறுக்கு மீசை. சூதாட்டம் உண்டு, வார்த்தை தடித்தால் வாளோடு இறங்கும் துவந்த யுத்தம் உண்டு. நம் ஊரில் மைனர் என்பார்களே, அந்த ரகம். ஆனால் சாதாரண மைனருக்கு இல்லாத ஒரு கிறுக்கு இவரிடம் இருந்தது. நீராவியால் ஓடும் எந்த யந்திரத்தைக் கண்டாலும் கால் நகராது.

பொம்மையைச் செய்தவர்கள் இருவர். ஜார்ஜ் பூத்தோன் குள்ளமான ஆள், கைத்தொழில் சுத்தமானவர். அவருடைய மைத்துனர் ஷார்ல் திரெபார்து முறையாகப் பொறியியல் படித்தவர். தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் ஒரு சின்னப் பட்டறையில், விஞ்ஞானப் பொம்மைகள் செய்து விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீராவியில் ஓடும் நிஜ வண்டி ஒன்று செய்ய வேண்டும் என்பது திரெபார்துவின் நெடுநாள் ஆசை. கையில் காசில்லை. பிரபுவிடம் காசு இருந்தது. நாளொன்றுக்குப் பத்து பிராங்க் கூலி என்று பேசி இருவரையும் சேர்த்துக்கொண்டார். 1883இல் முறையான கூட்டு நிறுவனம் உருவாயிற்று. பட்டறை, சேன் நதிக்கரையில் பாரிஸை ஒட்டியிருந்த புய்த்தோவுக்கு இடம் மாறியது.

வீட்டில் பூகம்பம். பிரபுக்களின் பிள்ளை ராணுவத்துக்குப் போகலாம், பந்தயக் குதிரை வளர்க்கலாம். கரிப்புகைக்கு நடுவே கொல்லுப் பட்டறை நடத்தலாமா? தகப்பனார் நீதிமன்றத்துக்கே போய், மகன் குடும்பச் சொத்தை அழிக்காதபடி தடை வாங்கினார். அதனால் தொடக்க காலத்தில் நிறுவனத்தின் பலகையில் டி தியோனின் பெயர் இல்லை, கூட்டாளிகளின் பெயர்தான் இருந்தது. பின்னாளில் நிலைமை நேர் எதிராகப் போனதை நினைத்தால் இது ஒரு வேடிக்கை.

முதலில் படகுகளுக்கான பாய்லர்கள் செய்து பிழைப்பை ஓட்டினார்கள். 1884இல் வந்தது அந்த நான்கு சக்கர நீராவி வண்டி. முன்னால் பாய்லர், நடுவில் முதுகோடு முதுகாக நான்கு பேர் உட்காரும் பலகை. டி தியோன் தன் தாயை நினைத்து அதற்கு ‘லா மார்க்கீஸ்’ என்று பெயர் வைத்தார். 1887இல் ஒரு சைக்கிள் பத்திரிகைக்காரர் யந்திர வண்டிகளுக்கான பந்தயம் ஒன்றை அறிவித்தபோது, இந்த வண்டியோடு டி தியோன் போய் நின்றார். வேறு யாருமே வரவில்லை. ஒற்றை ஆளாகவே ஓட்டிக் காட்டிவிட்டு வந்தார். உலகின் முதல் மோட்டார் பந்தயம் அதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். எதிராளி இல்லாத ஓட்டத்தைப் பந்தயம் என்பது கொஞ்சம் தாராள மனசுதான். வண்டி மட்டும் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. 2011இல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தபோது 46 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று.

கூட்டாளிகள் மூவரில் மூளை என்று சொன்னால் அது திரெபார்துதான். கனமான நீராவி வண்டிகளின் பின்சக்கரங்களுக்காக அவர் ஓர் ஏற்பாடு செய்தார். அதுவரை சக்கரத்தைத் தாங்குகிற அச்சே சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டியிருந்தது. அதோடு, இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதியின் எடையும் அச்சின்மேல் ஏறினால், பள்ளம் மேட்டில் வண்டி உதைக்கும். திரெபார்து வேலையை இரண்டாகப் பிரித்தார். டிஃபரன்ஷியலைத் தூக்கி வண்டியின் சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தினார். அங்கிருந்து சக்கரங்களுக்கு மூட்டு வைத்த இரண்டு தண்டுகள் சுழற்சியைக் கொண்டுபோயின. சக்கரங்களைத் தாங்குவதற்குத் தனியாக ஓர் எளிய குழாய் அச்சு. இதன் அருமை பின்னாளில்தான் தெரிந்தது. பிரிட்டனின் ரோவர், இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ கார்களில் 1960, 70களில்கூட இதே ஏற்பாடு இருந்தது. சின்ன ஸ்மார்ட் காரிலும் உண்டு. உலகம் முழுக்கப் பொறியாளர்கள் அதற்குச் சொல்லும் பெயர் ‘டி தியோன் ஆக்சில்’. செய்தவர் பெயர் பாடப் புத்தகங்களில் அடிக்குறிப்புக்கும் அரிதாகத்தான் வரும்.

திரெபார்துவுக்கு நீராவிதான் எல்லாம். பெட்ரோல் எஞ்சின் அவருக்கு அருவருப்பு. டி தியோனோ 1889 பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மானியர் டைம்லரின் எஞ்சினைப் பார்த்ததிலிருந்து அந்தப் பக்கம் சாயத் தொடங்கினார். பூத்தோனும் சாய்ந்தார். வாக்குவாதம் முற்றி 1894இல் திரெபார்து வெளியேறினார். நிறுவனம் ‘டி தியோன்-பூத்தோன்’ ஆயிற்று.

அதே ஆண்டு நீராவிக்கு ஒரு பெரிய வெற்றி கிடைத்தது, கிடைத்த வேகத்திலேயே பறிபோகவும் செய்தது. ‘லே பெத்தி ஜூர்னால்’ நாளேட்டின் பியேர் ஜிஃபார், குதிரையில்லா வண்டிகளுக்குப் பாரிஸிலிருந்து ரூவான் வரை 126 கிலோமீட்டர் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தார். விண்ணப்பித்தவை 102 வண்டிகள். அவற்றில் பல, காகிதத்தில் மட்டும் இருந்தவை. தேர்வோட்டங்களைத் தாண்டி ஜூலை 22 காலையில் புறப்பட்டவை 21. வழியில் மாந்த் ஊரில் ஒன்றரை மணி நேரம் மதிய உணவுக்கு இடைவேளை. பிரெஞ்சுக்காரர்கள் நடத்தும் போட்டியில் அது இல்லாமல் எப்படி? டி தியோன் ஒரு நீராவி டிராக்டரின் பின்னால் சொகுசு வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து, 6 மணி 48 நிமிடத்தில் முதலாவதாக ரூவானைத் தொட்டார். மூன்றரை நிமிடம் கழித்து ஒரு பெஜோ கார்.

முதல் பரிசு டி தியோனுக்குக் கிடைக்கவில்லை. போட்டியின் நிபந்தனை வேகம் அல்ல. வண்டி ஆபத்தில்லாமல், எளிதாக ஓட்டத்தக்கதாய், செலவு குறைவாய் இருக்க வேண்டும் என்பது. பிரபுவின் வண்டிக்குக் கரி தள்ள ஒரு தனி ஆள் வேண்டும். 5,000 பிராங்க் முதல் பரிசைப் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பெஜோவுக்கும் பனார்-லெவாசோருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, டி தியோனுக்கு இரண்டாம் பரிசு தந்தார்கள். நடுவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் முதலில் வந்து இரண்டாம் பரிசு வாங்குகிற சுபாவம் அவருக்கு இல்லை.

அந்தக் கோபம் பயனுள்ள வழியில் போயிற்று. சில மாதங்களில் டி தியோனின் வீட்டிலேயே ஒரு குழு கூடி, பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் 1,178 கிலோமீட்டர் பந்தயத்துக்குத் திட்டம் போட்டது. 1895 ஜூனில் அது நடந்தது. எமீல் லெவாசோர் ஏறக்குறைய தூங்காமலே ஓட்டி 48 மணி 48 நிமிடத்தில் முதலில் வந்தார். பரிசு அவருக்கும் இல்லை! நான்கு இருக்கை வண்டிக்கே முதல் பரிசு என்பது விதி, அவருடையது இரண்டு இருக்கை. அதே குழு அந்த நவம்பரில் பிரெஞ்சு ஆட்டோமொபைல் கிளப்பாக மாறியது. மோட்டார் வண்டிக்காக உலகில் எழுந்த முதல் பெரிய சங்கம் அதுதான். தலைவர் பதவியை பாரோன் சுய்லென் என்ற செல்வந்தருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, டி தியோன் பின்னால் இருந்து காரியம் பார்த்தார். 1898இல் துய்லேரி தோட்டத்தில் கிளப் நடத்திய மோட்டார் கண்காட்சியில் ஒரு கறாரான விதி இருந்தது. பாரிஸிலிருந்து வெர்சாய் போய்ச் சொந்தச் சக்தியில் திரும்பி வந்த வண்டிக்கு மட்டுமே உள்ளே இடம். வெறும் தகர டப்பாவுக்கு வர்ணம் பூசி நிறுத்திவிட்டுப் பணம் வசூலிக்கிற ஆசாமிகளை அது வடிகட்டியது.

இதற்கிடையில் புய்த்தோவில் பூத்தோன் செய்துகொண்டிருந்த காரியம்தான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. அன்றைய டைம்லர் எஞ்சினில் ஒரு சின்னக் குழாயைப் பர்னர் நெருப்பால் பழுக்கக் காய்ச்சி, அதன் சூட்டில் பெட்ரோல் ஆவியைப் பற்றவைப்பார்கள். எப்போது பற்றும் என்பது நம் கையில் இல்லை. அதனால் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுக்கு மேல் எஞ்சினை விரட்ட முடியாது. பூத்தோன் நெருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, பாட்டரியும் காயிலும் வைத்து மின்பொறியால் பற்றவைத்தார். பொறி எந்தக் கணத்தில் பாய வேண்டும் என்பதை எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு கேம் தீர்மானித்தது. 1895இல் வந்த அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றைத் தாராளமாகத் தாண்டியது, விரட்டினால் இன்னும் போயிற்று. சுற்று இரண்டு மடங்கானால் அதே வேலையைப் பாதி அளவுள்ள எஞ்சின் செய்துவிடும். ஒற்றை சிலிண்டர், 137 சி.சி. இன்று நம் தெருவில் ஓடும் ஸ்கூட்டர் எஞ்சினைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வெளிவந்த சக்தி என்னவோ ஏறக்குறைய அரைக் குதிரைத்திறன்தான்.

அரைக் குதிரை போதுமாக இருந்தது. ஒரு மூன்று சக்கர சைக்கிளின் பின்பக்கத்தில் அதைப் பொருத்தினார்கள். மிதித்துக் கிளப்ப வேண்டும், ஏற்றத்தில் கொஞ்சம் மிதித்து உதவவும் வேண்டும். காரைவிட மிக மலிவு, குதிரை லாயமும் தேவையில்லை. 1902 வாக்கில் உற்பத்தி நிற்கும்போது சுமார் 15,000 டிரைசைக்கிள்கள் விற்றிருந்தன. அதைவிடப் பெரிய வியாபாரம், எஞ்சினை மட்டும் தனியாக விற்பது. கார் செய்ய ஆசைப்பட்ட எவரும் புய்த்தோவுக்கு எழுதி ஒரு எஞ்சின் வாங்கி, சட்டமும் சக்கரமும் தாங்களே செய்துகொள்ளலாம். ஏறத்தாழ 150 பெயர்களில் வந்த வண்டிகளுக்குள் இந்த எஞ்சின் இருந்தது என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் பியர்ஸ் நிறுவனமும் அதில் ஒன்று.

அப்படி எஞ்சின் வாங்கியவர்களில் இருபத்தொரு வயது லூயி ரெனோவும் உண்டு. டி தியோன் டிரைசைக்கிள் ஒன்றைப் பிரித்து, நான்கு சக்கரமாக மாற்றி, தன்னுடைய கியர்ப் பெட்டியைப் பொருத்தினார். 1898 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, மோன்மார்த்ர் குன்றின் செங்குத்தான லெப்பிக் தெருவில் அதை ஏற்றிக் காட்டினார். அன்றிரவே பன்னிரண்டு பேர் முன்பணம் கொடுத்தார்கள். ரெனோ கம்பெனியின் தொடக்கம் அதுதான். டி தியோன் வளர்த்துவிட்ட போட்டியாளர் என்றும் சொல்லலாம்.

1900இல் புய்த்தோ தொழிற்சாலை 400 கார்களும் 3,200 எஞ்சின்களும் செய்தது. அந்த ஆண்டுக் கணக்குப்படி உலகின் மிகப் பெரிய கார் நிறுவனம். 

இனி அரசியல். அதைச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றி எழுதுவது பாதி உண்மையாகிவிடும். யூதரான ராணுவ அதிகாரி டிரைஃபஸ், ஜெர்மனிக்கு உளவு சொன்னதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டுத் தீவுச் சிறையில் கிடந்த காலம் அது. பிரான்ஸ் இரண்டாகப் பிளந்து நின்றது. டி தியோன் நின்றது தவறான பக்கத்தில். அவருக்கு ராணுவமும் பழைய பிரான்ஸும்தான் பெரிது. 1899 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் டிரைஃபஸ் மீதான தீர்ப்பை ரத்து செய்தது. மறுநாள் ஓத்தை குதிரைப் பந்தய மைதானத்துக்குக் குடியரசுத் தலைவர் லூபே வந்தபோது, கிறிஸ்தியானி என்ற பாரோன் மேடையேறித் தன் கைத்தடியால் அவர் தொப்பியின் மேல் ஒரு போடு போட்டார். கூடவே மைதானத்தில் ரகளை. பிடிபட்டவர்களில் டி தியோனும் ஒருவர். உலகப் புகழ் பெற்ற கார் முதலாளிக்குப் பதினைந்து நாள் சிறை, நூறு பிராங்க் அபராதம்.

பழைய பாரிஸ்-ரூவான் போட்டியை நடத்திய ஜிஃபார் இப்போது ‘லே வெலோ’ என்ற விளையாட்டு நாளேட்டின் ஆசிரியர். பச்சைத் தாளில் அச்சாகும் பத்திரிகை. அவர் டிரைஃபஸ் பக்கம். ஓத்தை ரகளையைக் கண்டித்து எழுதினார். அவருடைய பத்திரிகையோ சைக்கிள், மோட்டார் கம்பெனி விளம்பரங்களை நம்பி நடப்பது; அந்த விளம்பரதாரர்களில் முக்கியமானவர் டி தியோன். விளம்பரத்தை நிறுத்தினார். அதோடு விடவில்லை. ஜிஃபார் நாடாளுமன்றத் தேர்தலில் நார்மண்டிப் பகுதியில் நின்றபோது, குதிரை வளர்க்கும் விவசாயிகள் நிறைந்த அந்தத் தொகுதியில் டி தியோன் ஒரு புத்தகத்தைப் பரப்பினார் என்று ஒரு கதை உண்டு. புத்தகத்தின் பெயர் ‘குதிரையின் முடிவு’. எழுதியவர் ஜிஃபாரேதான். அவர் தோற்றுப்போனார்.

டி தியோன், டயர்க்காரர் மிஷ்லின், சைக்கிள் முதலாளி கிளெமான் முதலியோர் பணம் போட்டு, 1900 அக்டோபர் 16 அன்று ‘லோத்தோ-வெலோ’ என்ற போட்டிப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். பச்சைக்குப் பதில் மஞ்சள் தாள். ஆசிரியராக முன்னாள் சைக்கிள் வீரர் ஆன்ரி தெகிரான்ஜ். பத்திரிகை சுமாராகத்தான் விற்றது. போதாக்குறைக்கு, பெயர் தன்னுடையதைப் போல் இருக்கிறது என்று ஜிஃபார் வழக்குப் போட்டு வென்றார். 1903 ஜனவரியில் ‘வெலோ’ என்ற பாதியை வெட்டிவிட்டு வெறும் ‘லோத்தோ’ ஆக வேண்டியதாயிற்று. சைக்கிள் வாசகர்கள் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்று தெகிரான்ஜுக்குக் கவலை. அதற்கு மருந்தாக இளம் நிருபர் ழியோ லெஃபெவ்ர் ஏற்கெனவே சொல்லியிருந்த யோசனைதான், பிரான்ஸ் முழுவதையும் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம். 1903 ஜூலை 1 அன்று 60 பேர் புறப்பட்டார்கள். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். மொரிஸ் காரேன் வென்றார். 25,000 விற்ற பத்திரிகை 65,000ஐத் தொட்டது. அடுத்த ஆண்டே ‘லே வெலோ’ மூடப்பட்டது. வேலையில்லாமல் நின்ற ஜிஃபாரைப் பின்னாளில் தெகிரான்ஜே தன் பத்திரிகைக்கு எழுத அழைத்துக்கொண்டார். டூர் டி பிரான்ஸ் என்ற அந்தப் பந்தயத்தில் முன்னணி வீரர் அணியும் மஞ்சள் சட்டைக்கும் அந்தத் தாளின் நிறமே காரணம் என்பார்கள். தான் செய்யாத பின்சக்கர அச்சுக்கு டி தியோனின் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் வளர்த்த பகையிலிருந்து முளைத்த பந்தயத்தைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் சாலையோரம் நிற்கிறார்கள். அங்கே அவர் பெயரைச் சொல்வார் இல்லை.

1902இல் டி தியோன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். தகப்பனார் இறந்ததும் மார்க்கீ பட்டமும் வந்திருந்தது. ஆனாலும் சவால் என்று எங்காவது காதில் விழுந்தால் போதும். 1907 ஜனவரியில் ‘லே மத்தேன்’ நாளேடு, பீக்கிங்கிலிருந்து பாரிஸுக்குக் காரில் வரத் துணிந்தவர் உண்டா என்று கேட்டது. முதல் ஆளாகக் கை தூக்கியவர் டி தியோன். சாலைகள் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கின்றன என்பது அவருக்கும் தெரியும். கார் என்று ஒன்று கடக்க முடியுமானால் தன்னுடைய கார் கடக்கும் என்று எழுதிக் கொடுத்தார். ஜூன் 10 அன்று புறப்பட்ட ஐந்து வண்டிகளில் இரண்டு அவருடையவை. கோபிப் பாலைவனத்தையும் சைபீரியச் சேற்றையும் தாண்டி ஆகஸ்ட் 30 அன்று இரண்டுமே பாரிஸ் வந்து சேர்ந்தன. இத்தாலிய இளவரசர் போர்கேசே தன் பெரிய இத்தாலா காரில் மூன்று வாரம் முன்பே வந்து மாலை வாங்கிப் போயிருந்தார். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் டி தியோன்-பூத்தோன் மாடிப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

1910இல் எட்டு சிலிண்டர்களை வி வடிவில் அடுக்கிய எஞ்சினைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது இந்த நிறுவனம். உலகில் அதுவே முதல். சில ஆண்டுகளில் அமெரிக்கக் காடிலாக் அதே வழியில் இறங்கி, வி-8 என்றாலே அமெரிக்கா என்னும்படி செய்துவிட்டது. முதல் உலகப் போரில் புய்த்தோவின் லாரிச் சட்டங்கள் மேல் 75 மில்லிமீட்டர் பீரங்கிகளை ஏற்றி விமானங்களைச் சுட்டார்கள்.

போருக்குப் பின் காலம் மாறிவிட்டது. 1919இல் ஆந்த்ரே சித்ரோயென் ஃபோர்டிடம் கற்ற பாணியில் ஒரே மாதிரியான மலிவுக் கார்களை வரிசையாகத் தள்ளத் தொடங்கினார். ரெனோவும் பின்தொடர்ந்தார். புய்த்தோவிலோ நேர்த்தியான, விலை கூடிய, பலவித மாடல்கள். அறுபத்து மூன்று வயது மார்க்கீக்கு இதெல்லாம் பிடிபடவில்லை, எழுபதைத் தாண்டிய பூத்தோனுக்கும்தான். 1927இல் தொழிற்சாலை சிறிது காலம் மூடிக் கிடந்தது. 1932இல் கார் உற்பத்தியே நின்றது. லாரிகளும், கிராமப்புறக் குறுகிய ரயில் பாதைகளில் ஓடும் எஞ்சின் பெட்டிகளும் பெயரை இன்னும் சில காலம் தாங்கின. பூத்தோன் 1938இல் இறந்தார். டி தியோன் 1923இலிருந்து செனட்டராக இருந்து, இரண்டாவது உலகப் போரையும் பார்த்துவிட்டு, 1946 ஆகஸ்ட் 19 அன்று தொண்ணூறாவது வயதில் பாரிஸில் காலமானார்.

1905க்கு முன் செய்த கார்கள் மட்டும் கலந்துகொள்ளும் லண்டன்-பிரைட்டன் ஓட்டம் ஆண்டுதோறும் நவம்பர் முதல் ஞாயிறன்று நடக்கிறது. அதில் மிக அதிகமாகக் காணப்படும் பெயர்களில் டி தியோன்-பூத்தோனும் ஒன்று. முதன்முறை ஓட்டுபவர்கள் திணறிப்போவார்கள். கியர் மாற்ற ஸ்டியரிங் தண்டில் ஒரு கைப்பிடி: ஒரு பக்கம் திருப்பினால் முதல் கியர், மறுபக்கம் திருப்பினால் இரண்டாவது. காலடியில் ஒரு மிதி உண்டு. அதை அழுத்தினால் எஞ்சினின் வேகம் கூடாது, குறையும். இன்னும் அழுத்தினால் பிரேக் பிடிக்கும்.